ஜாக்கி பம்ப் ஓயாமல் ஓடுகிறதா? அடுக்குமாடி ஸ்பிரிங்ளர் பழுதுகளை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்கும் வழி

சென்னையில் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய ஒரு பதினான்கு மாடிக் குடியிருப்பில் தீயணைப்பு அமைப்பின் பராமரிப்பை ஏற்கும் முன் பம்ப் அறையைப் பார்க்கப் போயிருந்தேன். பேனலில் மூன்று செலக்டர் சுவிட்சுகள். மூன்றும் ‘ஆஃப்’ நிலையில் இருந்தன. பிரஷர் கேஜின் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. ஸ்பிரிங்ளர் குழாய்க்குப் போகும் வால்வை மூடி, யாரும் திறந்துவிடக் கூடாது என்று அதன் கைச்சக்கரத்தில் சணல் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள். வாட்ச்மேனிடம் காரணம் கேட்டேன். “இரவெல்லாம் சின்ன பம்ப் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடியது சார். முதல் மாடியில் தூங்க முடியவில்லை என்றார்கள். செக்ரட்டரி மூடச் சொன்னார்.” எப்போது என்றேன். “ஆடி மாதம்.” நான் போனது பங்குனியில்.

எட்டு மாதங்கள் 112 வீடுகள் அப்படி இருந்திருக்கின்றன. ஒவ்வொரு தளத்திலும் கூரையில் சிவப்புக் குழாயும் கண்ணாடிக் குமிழும் பளபளவென்று தெரிந்தன. அவற்றுக்குத் தண்ணீர் வரும் வழி அடைபட்டிருந்தது. பழுதைத் தேடிக் கழற்றியபோது, ஜாக்கி பம்ப் எனப்படும் அந்தச் சின்ன பம்பின் நான்-ரிட்டர்ன் வால்வில், அதாவது தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வில், கட்டுமானக் காலத்துச் சிமெண்டுக் கட்டி ஒன்று, புளியங்கொட்டை அளவில், சிக்கிக் கிடந்தது. அதை எடுத்துப் போட்டு ரப்பர் சீட்டை மாற்ற மூன்று மணி நேரம் ஆனது.

ஸ்பிரிங்ளர் பழுதுகளில் என்னை மிகவும் கவலைப்பட வைப்பது இந்த வகைதான். ஒரு சின்னத் தொந்தரவு வருகிறது. அதை நிறுத்த ஒரு வால்வை மூடுகிறார்கள். தொந்தரவு போய்விடுகிறது, மூடியது மறந்துவிடுகிறது. தீ விபத்தின்போது ஸ்பிரிங்ளர் வேலை செய்யாமல் போன சம்பவங்களை அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் பல ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறது. அவற்றில் முதல் காரணமாக நிற்பது, தீக்கு முன்பே அமைப்பு மூடப்பட்டிருந்தது என்பதுதான். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு அறிகுறிக்கும் வால்வை மூடாமல், அல்லது மூடினாலும் அன்றைக்கே திறக்கும்படி, பழுதைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். பழுதுக்கு யார் பொறுப்பு என்பதையும் அங்கங்கே சேர்த்துச் சொல்கிறேன். நடைமுறையில் இரண்டையும் பிரிக்க முடிவதில்லை.

கை வைப்பதற்கு முன்

குடியிருப்புகளில் இருப்பது பெரும்பாலும் ஈரக்குழாய் அமைப்பு. குழாயில் எப்போதும் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கும். நான் பார்க்கும் கட்டடங்களில் அது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 7 கிலோ. சின்னக் கசிவால் 6-க்கு இறங்கினால் ஜாக்கி பம்ப் ஓடி 7-க்கு ஏற்றிவிட்டு நின்றுவிடும். தீயில் ஒரு குமிழ் வெடித்துத் தண்ணீர் பாய்ந்தால் ஜாக்கியால் ஈடுகொடுக்க முடியாது. 5-க்கு இறங்கியதும் மெயின் பம்ப் கிளம்ப வேண்டும். மின்சாரம் இல்லாமல் அதுவும் வராவிட்டால் 4-ல் டீசல் என்ஜின் பம்ப். மெயின் பம்பும் டீசல் பம்பும் தாமாக ஓடத் தொடங்கலாம், ஆனால் தாமாக நிற்கக் கூடாது. அவற்றைக் கையால்தான் நிறுத்த வேண்டும். உங்கள் கட்டடத்தின் எண்கள் வேறாக இருக்கலாம். பேனல் கதவின் உட்புறத்தில் அவற்றை எழுதிய தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றே எழுதி ஒட்டுங்கள்.

ஒரு வால்வை மூடத்தான் வேண்டும் என்றால், எந்த வால்வு, எத்தனை மணிக்கு, யார் மூடினார் என்பதைப் பதிவேட்டில் எழுதிவிட்டு மூடுங்கள். வால்வில் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிடுங்கள். அந்தத் தளத்தில் வெல்டிங், கட்டிங் வேலைகளை நிறுத்துங்கள். தீயணைப்பான் சிலிண்டரோடு ஓர் ஆள் சுற்றி வரட்டும். மூடிய நிலை இரவைத் தாண்டும் என்றால் குடியிருப்பவர்களுக்கும், அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

அறிகுறி: ஜாக்கி பம்ப் அடிக்கடி ஓடுகிறது

முதலில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கணக்கெடுங்கள். எத்தனை முறை ஓடியது, ஒவ்வொரு முறையும் எத்தனை நொடி ஓடியது என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் இருக்கும் அமைப்பில் ஜாக்கி ஒரு நாளில் சில முறை ஓடினாலே அதிகம்.

இரண்டு மூன்று நொடி ஓடி நின்று, உடனே மீண்டும் ஓடி, இப்படியே படபடத்துக்கொண்டிருந்தால் கசிவைத் தேட வேண்டாம். பிரஷர் சுவிட்சில் ஓடும் அழுத்தமும் நிற்கும் அழுத்தமும் ஒன்றையொன்று நெருங்கிவிட்டன, அல்லது அழுத்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் காற்றுக் கலனான ஏர் வெசலில் காற்று போய்த் தண்ணீர் நிரம்பிவிட்டது. வெசலைத் தனிமைப்படுத்தி, தண்ணீரை வடித்துக் காற்றை உள்ளே விட்டாலே பல இடங்களில் சரியாகிவிடும்.

ஒவ்வொரு முறையும் அரை நிமிடமோ அதற்கு மேலோ ஓடினால் தண்ணீர் எங்கோ போகிறது. பம்ப் பக்கமா, கட்டடப் பக்கமா என்பதுதான் முதல் கேள்வி. அழுத்தம் 7-ல் இருக்கும்போது ஜாக்கியின் டெலிவரி வால்வை மட்டும் மூடி, கட்டடப் பக்கத்துக் கேஜைப் பத்து நிமிடம் பாருங்கள். முள் இறங்காமல் நின்றால் ஜாக்கியின் நான்-ரிட்டர்ன் வால்வு தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பி அனுப்புகிறது. இறங்கினால் அதைத் திறந்துவிட்டு, மெயின் பம்பின் வால்வு, பிறகு டீசல் பம்பின் வால்வு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மூடாதீர்கள். தொட்டியின் மூடியைத் திறந்து காது கொடுத்தால், பம்ப் எதுவும் ஓடாதபோதும் தண்ணீர் சலசலப்பது கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

கட்டடப் பக்கம் என்றால் முதலில் செலவில்லாத இடங்களைப் பாருங்கள். டெஸ்ட் வால்வு, டிரெயின் வால்வு முழுதாக மூடாமல் சாக்கடையில் சொட்டிக்கொண்டிருக்கலாம். மொட்டைமாடி ஹைட்ரண்ட் வாயின் வாஷர் தேய்ந்திருக்கலாம். ஹெடர் என்னும் ஒரே பொதுக் குழாயில் ஹோஸ் ரீலும் சேர்ந்திருந்தால், கார் கழுவவும் செடிக்கு ஊற்றவும் யாரோ அதைத் திறக்கிறார்கள். காலை ஆறு முதல் எட்டு வரை மட்டும் ஜாக்கி அதிகம் ஓடினால் காரணம் இதுதான். இவை எதுவும் இல்லையென்றால், ஒவ்வொரு தளத்தின் வால்வாக மூடி, முள் எந்தத் தளத்தில் நிற்கிறது என்று பாருங்கள். எல்லாத் தளமும் சரியாக இருந்தால் மிச்சம் மண்ணுக்குள் போகும் குழாய். சித்திரை வெயிலிலும் சுற்றுச்சுவர் ஓரம் ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாக நின்றால் அங்கே தோண்டுங்கள்.

மண்ணுக்குள் போட்ட குழாய் சில ஆண்டுகளிலேயே துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் அது கட்டியவரின் வேலைத்தரக் குறை. ரெரா என்று நாம் சொல்லும் 2016-ஆம் ஆண்டின் கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ, வேலைத்தரத்திலோ, சேவைகளிலோ குறை தெரியவந்து அதைக் கட்டியவரிடம் தெரிவித்தால், முப்பது நாட்களுக்குள் அவர் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். பல சங்கங்கள் இந்த ஐந்து ஆண்டுகளையும் வாய்ப்பேச்சிலேயே கழித்துவிடுகின்றன. ஜாக்கி ஓட்டக் கணக்கை ஒரு தாளில் எழுதி, புகைப்படத்தோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அறிகுறி: கேஜ் எப்போதும் 7 காட்டுகிறது

நல்ல செய்தி போலத் தெரியும், நம்பாதீர்கள். மாதக்கணக்கில் முள் ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் கேஜ் இறுகிவிட்டது, அல்லது அதன் கீழுள்ள காக் என்னும் சின்ன வால்வு மூடியிருக்கிறது. அந்தச் சின்ன வால்வை மூடி, கேஜை லேசாகத் தளர்த்துங்கள். முள் பூஜ்யத்துக்கு வர வேண்டும். மீண்டும் இறுக்கித் திறந்தால் பழைய இடத்துக்கு ஏற வேண்டும். அப்படி நடக்காத கேஜை உடனே மாற்றிவிடுங்கள். அதன் விலையை யோசித்துத் தள்ளிப்போட வேண்டிய பொருள் அது இல்லை.

அறிகுறி: அழுத்தம் இறங்கியும் மெயின் பம்ப் கிளம்பவில்லை

சோதனை எளிது. டிரெயின் வால்வை மெல்லத் திறந்து முள்ளைப் பாருங்கள். 5-ல் மெயின் பம்ப் வராவிட்டால், முதலில் செலக்டர் சுவிட்ச் ‘ஆட்டோ’வில் இருக்கிறதா என்று பாருங்கள். பாதிக் கட்டடங்களில் தேடல் இங்கேயே முடிகிறது. ‘ஆட்டோ’வில் இருந்தும் வராவிட்டால் பேனலுக்கு மின்சாரம் வருகிறதா, ஒரு ஃபேஸ் போயிருக்கிறதா, ஓவர்லோட் ரிலே விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் பிரஷர் சுவிட்ச். அதற்குப் போகும் சின்னக் குழாயின் காக் மூடியிருக்கலாம், குழாயில் துரு அடைத்திருக்கலாம், உள்ளே கான்டாக்ட் கருகியிருக்கலாம்.

டீசல் என்ஜின் கிளம்பாவிட்டால் பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். முனைகளில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் படிவு இருந்தால் சுத்தம் செய்து இறுக்குங்கள். ஸ்டார்ட்டர் சுற்றியும் என்ஜின் பற்றாவிட்டால் டீசல் காக் திறந்திருக்கிறதா என்பதையும், குழாயில் காற்று புகுந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். வாரம் ஒருமுறை ஓடாத என்ஜின், வேண்டிய நாளில் ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது.

அறிகுறி: பம்ப் ஓடுகிறது, அழுத்தம் ஏறவில்லை

உடனே நிறுத்துங்கள், வறண்டு ஓடினால் சீல் கருகிவிடும். பம்ப் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் அமைப்பானால் உறிஞ்சு குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வு கசிந்து அந்தக் குழாய் காலியாகியிருக்கும். அந்தக் குழாயை நிரப்பிவைக்கும் பிரைமிங் டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, தீயணைப்புத் தொட்டியிலேயே தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையே லாரித் தண்ணீருக்குக் காத்துக்கிடந்தபோது, தீயணைப்புத் தொட்டியின் அடிமட்டம்வரை மோட்டார் போட்டு இறைத்துக் குளிக்கவும் துவைக்கவும் பயன்படுத்திய குடியிருப்புகளை நான் பார்த்தேன். அவர்களின் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் வீட்டு உபயோகத்துக்கான உறிஞ்சு குழாயைத் தீயணைப்புக்கான இருப்பு மட்டத்துக்கு மேலேயே வெட்டிவிடுங்கள். அப்போது எவ்வளவு தவித்தாலும் அந்தத் தண்ணீரை எடுக்க முடியாது.

அறிகுறி: மேல் மாடியில் தண்ணீர் வலுவில்லாமல் வருகிறது

பத்து மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஒரு கிலோ குறையும். பம்ப் அறையில் 7 கிலோ என்றால் 42 மீட்டர் உயரத்தில் 2.8 தான் மிஞ்சும். அது போதுமா? நம் ஊர்களில் அதிகம் காணப்படும் கே 80 வகை ஸ்பிரிங்ளரில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வரும் என்பதற்கு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 80-ஆல் பெருக்கினால் போதும். 2.8 கிலோவில் சுமார் 134 லிட்டர். ஒரு ஸ்பிரிங்ளர் 12 சதுர மீட்டரைக் காக்கிறது, சதுர மீட்டருக்கு நிமிடம் 5 லிட்டர் வேண்டும் என்று வடிவமைத்திருந்தால் தேவை 60 லிட்டர்தான். ஆகவே கணக்குப்படி போதும். டெஸ்ட் வால்வில் அதற்கும் குறைவாக நூல்போல வந்தால், வழியில் ஏதோ ஒரு வால்வு பாதி மூடியிருக்கிறது. படிக்கட்டுச் சுவரோரம் போகும் நிலைக்குழாயைத் தளம் தளமாக இறங்கிப் பாருங்கள். பட்டர்ஃப்ளை வால்வின் கைப்பிடி குழாயின் போக்கிலேயே நின்றால் திறந்திருக்கிறது. குறுக்காக நின்றால் மூடியிருக்கிறது. சாய்ந்து நின்றால் நீங்கள் தேடியது அதுதான். திறந்த நிலையில் சங்கிலி போட்டுப் பூட்டிச் சாவியைப் பம்ப் அறையில் வையுங்கள்.

அறிகுறி: டெஸ்ட் வால்வில் தண்ணீர் வருகிறது, மணி அடிக்கவில்லை

தண்ணீர் ஓடுவதை உணர்ந்து மணியடிக்கச் செய்யும் ஃப்ளோ சுவிட்சின் இலை குழாய்க்குள் மடங்கியிருக்கலாம், அல்லது பேனலில் யாரோ அந்தத் தளத்தின் சத்தத்தை அடக்கி வைத்திருக்கலாம். தண்ணீரால் அடிக்கும் மணி என்றால் அதற்குப் போகும் சின்னக் காக் மூடியிருக்கும். ஒரு நிமிடம்வரை பொறுத்துப் பாருங்கள். அழுத்த ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் மணி அடிக்காதிருக்கச் சின்னத் தாமதம் வைத்திருப்பார்கள்.

அறிகுறி: கருப்புத் தண்ணீர், துர்நாற்றம்

தேங்கிய தண்ணீர் இரும்புக் குழாயில் கருத்துப் போவது இயல்பு. துருச் செதில்கள் கைநிறைய வந்தால்தான் கவலை. அந்தக் கிளையைக் கழற்றி உட்புறத்தைப் பார்க்க வேண்டும்.

அறிகுறி: ஸ்பிரிங்ளரிலிருந்து சொட்டுகிறது

சொட்டும் ஸ்பிரிங்ளர் தலையை முறுக்கி இறுக்கிப் பார்க்காதீர்கள். கைக்கு அகப்பட்ட பைப் ரெஞ்சைப் போட்டுத் திருகினால் சட்டம் முறுக்கிக்கொண்டு, பேனாவின் ரீஃபிலைவிடக் கொஞ்சம் பருமனான அந்தக் கண்ணாடிக் குமிழ் உங்கள் முகத்துக்கு நேரே உடையும். அந்தத் தளத்தின் வால்வை மூடி, தண்ணீரை வடித்து, அதற்கென்று உள்ள ஸ்பேனரால் கழற்றி, புதிய தலையைப் போடுங்கள். வெப்ப அளவு, கே எண், கீழ்நோக்கியா மேல்நோக்கியா என்பது மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். குமிழுக்குள் இருக்கும் திரவத்தின் நிறமே வெப்ப அளவைச் சொல்லும்: ஆரஞ்சு 57 டிகிரி, சிவப்பு 68, மஞ்சள் 79, பச்சை 93, நீலம் 141. சமையலறை அடுப்புக்கு மேலே மஞ்சளோ பச்சையோ இருந்தால் அது திட்டமிட்டு வைத்தது. கையிருப்பில் உள்ளது என்று சிவப்பைப் போட்டுவிட்டால் ஒரு நாள் அப்பளம் பொரிக்கும்போது வீடு நனைந்துவிடும். கழற்றிய தலையை எக்காரணத்துக்காகவும் திரும்பப் போடாதீர்கள். புதியது வரும்வரை பிளக் போட்டு அடைத்து வைப்போம் என்ற யோசனையும் வேண்டாம். அந்த ‘வரும்வரை’ மூன்று ஆண்டுகளாக நீண்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆறு தலைகளும் ஒரு ஸ்பேனரும் எப்போதும் பம்ப் அறைப் பெட்டியில் இருக்கட்டும்.

வெளியே எந்தக் குறையும் தெரியாமலே திறக்க மறுக்கும் தலைகளும் உண்டு. அமெரிக்காவில் 1998-இல் ஒமேகா வகை ஸ்பிரிங்ளர்கள் சுமார் 84 லட்சமும், 2001-இல் அதே நிறுவனத்தின் வேறு வகைகள் சுமார் 3.5 கோடியும் திரும்பப் பெறப்பட்டன. உள்ளே இருந்த ரப்பர் வளையம் நாளடைவில் கெட்டு, தீயிலும் தலை திறக்காமல் போகக்கூடும் என்பது காரணம். தலையில் பொறித்த ஆண்டையும் மாதிரி எண்ணையும் பதிவேட்டில் எழுதி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அறிகுறி: குமிழே தெரியவில்லை

வீட்டுக்குள் நடக்கும் உள் அலங்கார வேலையின் விளைவு இது. பெயிண்டர் கூரைக்கு வெள்ளையடிக்கும்போது குமிழுக்கும் சேர்த்து அடித்துவிடுகிறார். பெயிண்ட் படிந்தால் குமிழ் சூடாகத் தாமதமாகும், வெடித்தாலும் மூடி ஒட்டிக்கொள்ளும். சுரண்டிச் சுத்தம் செய்யலாமா என்று கேட்கிறார்கள். கூடாது, மாற்றத்தான் வேண்டும். தட்டு வைத்து மறைத்த தலைகளிலும் இதே ஆபத்து உண்டு. அந்தத் தட்டு ஈயப் பற்றால் நிற்கிறது. குமிழ் வெடிப்பதற்கு முன் அது உருகி விழ வேண்டும். விளிம்பைச் சுற்றிப் பட்டி பூசி பெயிண்ட் அடித்தால் தட்டு விழாது.

இதைவிடக் கொடியது ஃபால்ஸ் சீலிங். பழைய ஸ்பிரிங்ளரை அப்படியே மேலே விட்டுவிட்டு, கீழே ஜிப்சம் பலகை அடித்து அழகாக விளக்குப் பொருத்துகிறார்கள். அறை எரியும்போது சூடு பலகைக்குக் கீழே நிற்கும். மேலே இருக்கும் குமிழுக்கு அது தெரிவதற்குள் அறையில் இருப்பவர் மூச்சுத் திணறிவிடுவார். உள் அலங்கார வேலைக்கு அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்திலேயே, ஸ்பிரிங்ளர் தலைகளை இறக்கி வைக்கும் வேலையைச் சங்கத்தின் பராமரிப்பாளர்தான் செய்வார், செலவு வீட்டுக்காரருடையது என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்து வாங்காமல் பிறகு சண்டை போட்டுப் பயனில்லை. தலையை நகர்த்தியவர் யார் என்பதற்குச் சான்று எதுவும் இருக்காது.

தரைக்கு அடியிலுள்ள வண்டி நிறுத்தத்தில் குமிழ் தெரியாமல் போவதற்குக் காரணம் வேறு. பழைய சோபா, மெத்தை, அட்டைப்பெட்டி என்று கூரைவரை அடுக்கிவிடுகிறார்கள். ஸ்பிரிங்ளருக்குக் கீழே அரை மீட்டராவது வெற்றிடம் இருந்தால்தான் தண்ணீர் குடைபோல் விரியும். 2011 டிசம்பர் 9 அதிகாலை கொல்கத்தாவின் தாக்குரியாவில் ஒரு மருத்துவமனை எரிந்து தொண்ணூறு பேருக்கு அருகில் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நெருப்பைத் தொடவே இல்லை. வண்டி நிறுத்தத்துக்கான அடித்தளத்தில் சேமித்திருந்த பொருட்கள் எரிந்த புகை மேல்தளங்களுக்கு ஏறி, படுக்கையில் இருந்தவர்களைக் கொன்றது. அடித்தளத்தில் சாமான் போடுவதைப் பற்றி யாராவது “அது சின்ன விஷயம்தானே” என்றால் நான் இந்தத் தேதியைச் சொல்வேன்.

அறிகுறி: தீயே இல்லை, தண்ணீர் கொட்டுகிறது

ஏணியோ, திரைச்சீலைக் கம்பியோ, அலமாரியைத் தூக்கி வந்தவரின் தோளோ குமிழில் பட்டிருக்கும். ஒரு குமிழ் உடைந்தால் அந்த ஒன்றிலிருந்து மட்டும்தான் தண்ணீர் வரும். கட்டடம் முழுவதும் ஒரே நேரத்தில் பொழியும் என்று பயந்து பம்பை அணைக்க ஓடாதீர்கள். முதலில் அந்த வீட்டில் தீ இல்லை என்பதைக் கண்ணால் பாருங்கள். பிறகு அந்தத் தளத்தின் வால்வை மூடுங்கள், அதன்பின் டிரெயினைத் திறந்துவிடுங்கள், கடைசியில் பம்பை நிறுத்துங்கள். 4 கிலோ அழுத்தத்தில் ஒரு தலை நிமிடத்துக்கு 160 லிட்டர் கொட்டும். தளத்தின் வால்வு எங்கே என்று பத்து நிமிடம் தேடினால் 1,600 லிட்டர் லிஃப்ட் குழிவரை இறங்கியிருக்கும். வாட்ச்மேன்கள் ஒவ்வொருவரையும் அழைத்துப்போய் அந்த வால்வைத் தொட்டுக் காட்டுங்கள்.

நனைந்த வீட்டுக்கு யார் பணம் தருவது? நம் நாட்டின் தீக்காப்பீட்டு ஆவணங்களில் தானியங்கி ஸ்பிரிங்ளரிலிருந்து நீர் கசிவதும் ஈடுசெய்யப்படும் இடர்களில் ஒன்று. வீடுகளுக்கான பாரத் கிரஹ ரக்ஷாவிலும் அது உண்டு. ஆனால் மூன்று விலக்குகள் இருக்கின்றன. கட்டடத்தில் நடக்கும் பழுதுபார்ப்பு அல்லது மாற்றம், ஸ்பிரிங்ளர் அமைப்பையே பழுதுபார்த்தல் அல்லது நீட்டித்தல், காப்பீடு எடுத்தவருக்கு முன்பே தெரிந்திருந்த கட்டுமானக் குறை ஆகியவற்றால் வந்த கசிவுக்கு ஈடு கிடைக்காது. ஃபால்ஸ் சீலிங் வேலையில் உடைந்த குமிழ் முதல் விலக்கிலேயே மாட்டிக்கொள்ளும். அங்கே வேலை செய்த ஒப்பந்ததாரரின் பொறுப்பை முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தால்தான் கீழ்வீட்டுக்காரருக்கு வழி பிறக்கும்.

பழுது நீங்கியது, இனி கேள்வி யாரைக் கேட்பார்கள்?

தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, 15 மீட்டரும் அதற்கு மேலும் உயர்ந்த கட்டடத்தை உயரக் கட்டடம் என்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 அந்த எல்லையை 18.30 மீட்டருக்கு மேல் என்று வைக்கிறது. விதித்தொகுப்பு மத்திய அளவில் ஒரு பரிந்துரைதான். மாநில விதி அதை எடுத்துக்கொள்ளும்போது கட்டாயமாகிறது. ஸ்பிரிங்ளர் அமைப்பை வடிவமைக்கவும் பராமரிக்கவும் ஐ.எஸ். 15105 தரநிலை இருக்கிறது. தீயணைப்பு உரிமத்துக்கான அடிப்படை, 1985-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தீயணைப்புப் பணிகள் சட்டம். ஆனால் சான்றிதழ் சுவரில் தொங்குவதால் வால்வு திறந்துவிடாது. ஆய்வாளர் வந்த அன்று எல்லாம் ஓடியது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி.

தெரிந்த பழுதை ஒட்டுப்போட்டுவிட்டு ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லி உபஹார் திரையரங்கு வழக்கைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. 1997 ஜூன் 13 காலையிலேயே அங்கிருந்த மின்மாற்றி ஒருமுறை தீப்பிடித்தது. முற்பகலில் ஆட்கள் வந்து கேபிள் முனைகளைச் சரியான கருவி இல்லாமல் இணைத்துவிட்டு மின்சாரம் கொடுத்தார்கள். மாலையில் அதே மின்மாற்றி எரிந்தது. 59 பேர் இறந்தார்கள். மின்மாற்றி மின்வாரியத்தினுடையது என்றாலும், 2011-இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டுப் பொறுப்பில் 85 விழுக்காட்டைத் திரையரங்கு உரிமதாரர் மீதும் 15 விழுக்காட்டை டெல்லி மின்வாரியத்தின் மீதும் வைத்தது. வழியை மறித்த கூடுதல் இருக்கைகள் உரிமதாரர் போட்டவை. பழுதைச் செய்தவர் வேறு, இடத்தை நடத்தியவர் வேறு என்று சொல்லித் தப்ப முடியவில்லை.

குடியிருப்பில் இடத்தை நடத்துவது சங்கம். கட்டியவர் ஒப்படைக்கும்போது வரைபடங்களையும் ஆவணங்களையும் சங்கத்திடம் தர வேண்டும் என்று ரெராவின் 17-ஆம் பிரிவு சொல்கிறது; ஸ்பிரிங்ளர் குழாய் வரைபடத்தையும் பம்ப் சோதனை அறிக்கையையும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அதன்பின் வால்வு மூடிக் கிடந்து ஓர் உயிர் போனால், அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்கீழ் வழக்கு வரலாம். அதற்கு ஐந்து ஆண்டுவரை சிறை. முதலில் விசாரிக்கப்படுபவர் கையெழுத்தில்லாத வாய்மொழி உத்தரவை நிறைவேற்றிய வாட்ச்மேனாக இருப்பார் என்பது எனக்கு ஆறாத மனக்குறை. “மூடு” என்று யார் சொன்னாலும், “பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் சார்” என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு என்பதைச் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாகவே போடுங்கள்.

பராமரிப்பு ஒப்பந்ததாரருக்கும் இதே விதிதான், என்னையும் சேர்த்து. மாதாந்திர அறிக்கையில் ‘எல்லாம் நன்று’ என்று அச்சடித்த தாளை நீட்டுபவரிடம், எந்த வால்வைத் திறந்து பார்த்தீர்கள், எத்தனை கிலோவில் மெயின் பம்ப் வந்தது, டீசல் எத்தனை நிமிடம் ஓடியது என்று கேளுங்கள். எண் சொல்ல முடியாதவருக்குக் காசோலை கொடுக்காதீர்கள்.

அந்தப் பதினான்கு மாடிக் கட்டடத்தில் வேலை முடிந்த அன்று பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதியதை அப்படியே தருகிறேன். இந்த வடிவத்திலேயே நீங்களும் எழுதலாம்.

‘மூடிய வால்வு: ஸ்பிரிங்ளர் மெயின், பம்ப் அறை. ஏற்கெனவே மூடியிருந்தது, ஆடி மாதம் முதல் என்று வாட்ச்மேன் சொன்னார். வேலை: ஜாக்கி நான்-ரிட்டர்ன் வால்வு, சீட் மாற்றம், காலை 10.20 முதல். திறந்தது: மதியம் 1.35. திறந்தபின் பதினான்காம் தள டெஸ்ட் வால்வில் தண்ணீர் வந்தது, மணி அடித்தது, 5 கிலோவில் மெயின் பம்ப் வந்தது. மூன்று செலக்டரும் ஆட்டோ. பார்த்தவர்கள்: செக்ரட்டரி, வாட்ச்மேன், நான்.’

மூன்று கையெழுத்துகள். சணல் கயிற்றை அறுத்து அந்தப் பக்கத்திலேயே ஒட்டி வைத்தோம்.